கூரையில் தூங்கும் ட்ரோன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ட்ரோன்களைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சோலார் பேனல் மாட்டுகிற எனக்குக் கூரைதான் கவலை.

தைப்பூசக் காவடி முடிந்து ஒரு மாதம் கழித்து, எங்கள் கோயில் மண்டபத்துப் பேனல்களைத் துடைக்க ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு ட்ரோன் கிடந்தது. காவடியைப் படம் எடுத்த பையனுடையது. (கடலில் விழுந்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறான்!) கீழே தினமும் பூஜை, வாராவாரம் கல்யாணம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அதன் முதுகில் ஏ4 தாள் அளவுக்கு ஒரு பேனல் இருந்திருந்தால்? நல்ல வெயிலில் 12 வாட் கிடைக்கும். அதை வைத்துப் பறக்க முடியாது. பறக்க நூறு வாட்டுக்கு மேல் வேண்டும். ஆனால் சின்ன ட்ரோனின் பேட்டரி 70, 80 வாட்-மணிதான். டர்பன் வெயிலில் ஒன்றிரண்டு நாள் கிடந்தாலே நிரம்பிவிடும். அரை மணி நேரம் பறந்து, இன்னொரு கூரையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

படுத்திருப்பதை எப்படிப் பிடிப்பது? ரேடியோ அலையைக் கேட்கும் கருவிக்கு அது பேச வேண்டும், ரேடாருக்கு அசைய வேண்டும், மைக்குக்கு விசிறி சுற்ற வேண்டும். வெப்பக் கேமராவுக்கோ காய்ந்த தகரமும் அதுவும் ஒன்று. உக்ரைன் போரில் சாலையோரம் பதுங்கி, வண்டி வந்ததும் எழும்பும் ட்ரோன்கள் வந்துவிட்டன. சிலவற்றை ரேடியோவுக்குப் பதிலாக மெல்லிய கண்ணாடி இழை வழியே இயக்குவதால், ரேடியோ அலையைக் குழப்பும் ஜாமரும் பலிக்காது. 2025 ஜூன் 1 அன்று ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கிய 117 ட்ரோன்களும் லாரிகளில் மரக்கூண்டுக்குள் ஒளிந்து போனவைதான்.

நம் ஊரில் குண்டு வராது, சரி. சிறைக்குள் போன் கடத்தவும், ஆள் இல்லாத வீட்டை நோட்டம் விடவும் இது போதுமே. 2015 முதல் இருக்கும் நம் நாட்டு ட்ரோன் விதிகள் சிறை, போலீஸ் நிலையத்துக்கு மேலே பறப்பதைத் தடுக்கின்றன. அனுமதியில்லாமல் அடுத்தவர் கட்டடத்துக்கு 50 மீட்டருக்குள் பறக்கவும் கூடாது. எல்லாம் பறப்பதைப் பற்றித்தான். லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டின் புண்ணியத்தில் வீட்டுக்கு வீடு பேனல் வந்துவிட்டது. கூடுதலாக ஒன்று மினுங்கினால் யார் கேட்கப் போகிறார்கள்?

விலை உயர்ந்த ரேடார் வாங்குவதற்கு முன், கூரை ஏறுகிறவர்களிடம் பேசுங்கள்: பேனல்காரர், டிஷ் மாட்டுகிறவர், பிளம்பர். தெரியாத பொருள் கிடந்தால் கை வைக்காமல் இறங்கி வந்து போலீஸின் 10111 எண்ணுக்குப் போன் செய்யட்டும். நான் அன்றைக்கு அதை வெறுங்கையால் தூக்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்