பென் டிரைவில் விண்டோஸ் ஏன் இல்லை, லினக்ஸுக்கு ஏன் காசு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி, குன்னூர் வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைப் பற்றி ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், சிலர் எனக்கே அனுப்பி "என்னண்ணா இது?" என்று கேட்டுவிட்டீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற, சும்மா கிடைக்கிற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றிக் காசுக்கு விற்கிறார்கள், விண்டோஸ் போட்டுத் தரக் கேட்டால் மாட்டேன் என்கிறார்கள், மலையை விட்டுக் கீழே போனால் பாதி விலைக்கு அதையே போட்டுத் தருகிறார்கள் என்பதுதான் அதில் உள்ள சங்கதி. கடையில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் விண்டோஸ். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும், நம் ஊரில் எஸ்டேட் ஆபீஸிலும் பள்ளிக்கூட லேபிலும் இருக்கிற பாதி மெஷின்களில் அது கிடையாது. அதற்கப்புறம்தான் "பென் டிரைவிலேயே விண்டோஸ் போட்டுக் கொடுங்கள், எந்த மெஷினில் செருகினாலும் என் டெஸ்க்டாப் வரட்டும்" என்று கேட்டு வருபவர்கள் அதிகமானார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் லேப்டாப்போடு சேர்ந்து வரும் விண்டோஸ் லைசென்ஸ் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் உரியது, அதைக் கழற்றி வேறு எங்கும் கொண்டு போக முடியாது. தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ரீடெயில் லைசென்ஸை வேறு மெஷினுக்கு மாற்றலாம், ஆனால் பழைய மெஷினிலிருந்து நீக்கிவிட்டுத்தான். காலையில் ஆபீஸ், மத்தியானம் அக்கா வீடு, சாயங்காலம் பிரவுசிங் சென்டர் என்று பென் டிரைவை மாற்றி மாற்றிச் செருகுவதற்கு அந்த லைசென்ஸில் இடமே இல்லை.

"அப்படியானால் மைக்ரோசாஃப்டே முன்பு ஒன்று கொடுத்ததே?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார், சரியான கேள்வி. பென் டிரைவிலிருந்தே விண்டோஸை ஓட்டுகிற விண்டோஸ் டு கோ என்று ஒன்று 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது. வந்தபோது அது எண்டர்பிரைஸ் பதிப்பில்தான் இருந்தது, மொத்தமாக லைசென்ஸ் எடுத்து அதன்மேல் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற கூடுதல் ஒப்பந்தமும் வைத்திருக்கிற பெரிய கம்பெனிகளுக்காகச் செய்தது. சாதாரணப் பென் டிரைவும் ஆகாது, அதற்கென்று சான்று பெற்ற டிரைவ்களைத்தான் வாங்கச் சொன்னார்கள். 2019-இல் அதை வளர்ப்பதை நிறுத்தினார்கள், 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எடுத்தே விட்டார்கள். பென் டிரைவில் விண்டோஸ், லினக்ஸ் ஏற்ற உதவும் ரூஃபஸ் போன்ற கருவிகளில் அந்த வசதி இன்றும் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், போட்டால் மெஷின் அதிலிருந்து ஆரம்பிக்கவும் (பூட்) செய்யும். கருவியால் முடிகிறது என்பதற்காக லைசென்ஸ் அனுமதித்ததாக ஆகிவிடாது. பாதி விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் லைசென்ஸ் இருப்பதுபோல் ஏமாற்றும் ஆக்டிவேட்டர் போட்டு ஓட வைத்தது. அந்த ஆக்டிவேட்டர் முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அதே டிரைவில் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டையும் பேக்டரியின் ஜிஎஸ்டி கணக்கையும் திறக்கிறீர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, நான் அதைச் செய்து தரப் போவதில்லை. லைசென்ஸ் உள்ள மெஷினில் விண்டோஸை மறுபடி நிறுவப் பென் டிரைவ் வேண்டுமென்றால் அது வேறு விஷயம், அந்தக் கருவியை மைக்ரோசாஃப்டே கொடுக்கிறது, தாராளமாகச் செய்து தருகிறோம்.

இப்போது எனக்கு மிகவும் வலித்த வார்த்தைக்கு வருகிறேன். "இலவசத்தை விற்கிறவன்" என்று எழுதியிருந்தார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 1992-இலிருந்து, யாரும் பிரதி எடுத்துப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் என்ற லைசென்ஸின் கீழ் வருகிறது. அந்த லைசென்ஸின் இரண்டாம் பதிப்பில், முதல் பிரிவிலேயே, பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குக் கட்டணம் வாங்கலாம், உத்தரவாதம் கொடுத்து அதற்கும் காசு வாங்கலாம் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் ஏற்றித் தருவது டெபியன் என்ற லினக்ஸ் வகை. டெபியன்காரர்கள் தங்கள் வட்டுகளை யார் வேண்டுமானாலும் விற்கலாம், தங்களுக்கு எதுவும் கட்ட வேண்டாம் என்கிறார்கள், விற்பவர்களின் பட்டியலையே வெளியிடுகிறார்கள். ஒளிவு மறைவாக எதுவும் நடக்கவில்லை. உங்கள் பில்லைப் பாருங்கள், லினக்ஸுக்கு நேராகப் பூஜ்யம்தான் போட்டிருக்கும். மீதி டிரைவின் விலையும் எங்கள் கூலியும்.

அந்தக் கூலி எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஐஎஸ்ஓவை (லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கிக் காப்பி போட எவ்வளவு நேரம்" என்று அதே செய்தியில் இருந்தது. 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கிற போலி டிரைவ்கள் மார்க்கெட்டில் நிறைய. அதனால் ஒவ்வொரு டிரைவையும் கடைசி வரை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கிறோம், அதற்கே மணிக்கணக்காகும். அப்புறம் நீங்கள் சேமிக்கும் கோப்புகளும் செட்டிங்கும் அணைத்த பிறகும் நிற்பதற்குத் தனிப் பகுதி பிரித்து, அதற்குப் பாஸ்வேர்டு பூட்டுப் போடுகிறோம். தமிழ்99 விசைப்பலகையும் நோட்டோ தமிழ் எழுத்துருவும் வைத்து, லிப்ரேஆபீஸ் என்ற ஆபீஸ் மென்பொருளில் ஒரு பக்கம் அடித்து, "கொ", "கோ", "கௌ" கொம்பும் காலும் பிரியாமல் அச்சாகிறதா என்று பிரிண்டரில் எடுத்துப் பார்க்கிறோம். ஒரு பழைய டெஸ்க்டாப், ஒரு புதிய லேப்டாப் இரண்டிலும் பூட் செய்து வைஃபை பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே கையில் தருகிறோம். வைஃபை சிப்பை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் ஜிபிஎல்லில் வராது, அதன் லைசென்ஸ் தனி. ஆனால் டெபியன் 12-இலிருந்து, அதாவது 2023-இலிருந்து, மறுவிநியோகம் செய்ய அனுமதி உள்ளவற்றை அவர்களே சேர்த்துத் தருகிறார்கள். சில பிரிண்டர் கம்பெனிகள் அந்த அனுமதியைத் தருவதில்லை. அந்த டிரைவரை மட்டும் நீங்களே அவர்கள் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், வழி நான் காட்டுகிறேன்.

டிரைவோடு ஒரு சின்னச் சீட்டு வைக்கிறோமே, அதைப் பலர் கவரோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறீர்கள். டெபியனின் எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் ஏற்றியது, அதன் மூல நிரல் (புரோகிராமர்கள் எழுதிய அசல் கோடு) வேண்டுமென்றால் மூன்று வருடம் வரை எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். ஜிபிஎல் விற்பவர் மேல் சுமத்தும் கடமை அது, விளம்பரச் சீட்டு இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். எங்களிடம் வாங்கியதை நீங்கள் நாலு பேருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கலாம், காசுக்கு விற்கவும் செய்யலாம், நான் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன். ஏமாற்றி விற்கிறவன் இதை உங்களிடம் சொல்வானா? உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கிற பகுதியை மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கேட்டு வரும் பேக்டரி கணக்கர்களுக்கு: அது விண்டோஸுக்காகச் செய்தது, அதன் லைசென்ஸும் தனி. இந்த டிரைவில் ஓடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், உங்கள் ஆபீஸ் மெஷினிலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கடையில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். போகிற பிள்ளையை வாழ்த்தித்தானே அனுப்ப வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியிலிருந்து பென் டிரைவுக்குள் இருக்கிற ஃபிளாஷ் மெமரியின் விலையும் ஏறிவிட்டது, மொத்தக் கடையில் ஒவ்வொரு முறையும் ஒரு விலை சொல்கிறார்கள். இதனால் 64 ஜிபி டிரைவ் இனி 850-க்குப் பதில் 1,150 ரூபாய், சனிக்கிழமைகளில் மட்டும் டெலிவரி, பழைய டிரைவைப் புதுப்பிக்க 150 ரூபாய்.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் எங்களை விட்டுப் போகாதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அரவேனுவிலிருந்தும் கட்டபெட்டிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள், ஊட்டி காலேஜ் பிள்ளைகள், அந்தச் செய்தி வந்த குழுவிலேயே "நான் அங்கே மூன்று டிரைவ் வாங்கியிருக்கிறேன், ஒன்றும் பழுதில்லை" என்று பெயரோடு எழுதிய ஹோம்ஸ்டே அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஒரு வரியைப் படித்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வரும்போது நீங்கள் செருகப் போகும் மெஷினின் மாடல் நம்பரை ஒரு போட்டோ எடுத்து வாருங்கள். 32-பிட் (பழைய வகை பிராசஸர்) மெஷின் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், டெபியன் 13 அதில் நிறுவ வராது, 12-தான் போட வேண்டும். புது லேப்டாப்பில் பயாஸைத் (மெஷின் ஆரம்பிக்கும்போது திறக்கும் செட்டிங்) தொடுவதற்கு முன், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங்கை மாற்றினால் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்டு நிற்கும். மழையும் மூடுபனியும் இருக்கிற மாதங்களில் டிரைவை மூடி போட்டு வையுங்கள், முனையில் பச்சை பூத்து வருகிற டிரைவ்களுக்கு மாற்று தர முடியாது. கடை காலை 10 முதல் இரவு 7 வரை, ஞாயிறு விடுமுறை.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
கோத்தகிரி