ரோதாங் வரை அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

வணக்கமுங்க.

ஈரோட்டில் அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், மணாலிக்கு மேலே ரோதாங் கணவாயில் எங்கள் அம்மா பனியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அதற்குக் கைகொடுத்தவர்களுக்கெல்லாம் நேரில் நன்றி சொல்ல வாய்க்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அப்பா வருசா வருசம் வெள்ளியங்கிரி ஏறியவர். ஏழாவது மலையில் காற்று எப்படி அடிக்கும் என்று வாசலில் உட்கார்ந்து ஊருக்கே சொல்வார். வயசுப் பெண்கள் அங்கே ஏறும் வழக்கமில்லை. ஏறலாம் என்கிற வயது வந்தபோது அம்மாவுக்கு முழங்கால் விடவில்லை. "வண்டி போற மலையா இருந்தாச் சொல்லு கண்ணு, வர்றேன்" என்பார். ரோதாங், வண்டி போகிற மலை. உயரம் 3,978 மீட்டர், நம்ம தொட்டபெட்டாவைப் போல ஒன்றரை மடங்கு.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் தம்பிக்கு முதல் நன்றி. எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. வெந்நீர் கேட்பதிலிருந்து மூச்சு வாங்குகிறது என்பதுவரை ஒரு தாளில் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அந்தக் கடைசி வரி எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியவில்லை.

மணாலி ஓட்டுநர் தம்பி, ரோதாங்குக்கு நாளொன்றுக்கு 1,200 வண்டிகளுக்குத்தான் அனுமதி, செவ்வாய்க்கிழமை சாலைப் பராமரிப்பு என்பதையெல்லாம் நீங்கள் சொல்லித்தான் அறிந்தோம். அனுமதிச் சீட்டையும் நீங்களே வாங்கிவிட்டீர்கள். வந்த மறுநாளே மேலே போகலாம் என்று நாங்கள் துடித்தபோது, உடம்பு பழகட்டும் என்று அம்மாவைக் காட்டித் தடுத்தீர்களே, அது பெரிய உதவி. அப்படியும் மேலே போனதும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம் சொச்சம்தான். தாளைப் பார்த்து "சாஸ் ஃபூல் ரஹீ ஹை" என்றேன். உடனே அவரை உட்காரவைத்து, சால்வையைத் தளர்த்தி, பேசவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள். சரியாகாவிட்டால் அந்த நிமிடமே கீழே இறங்குவோம் என்று வண்டியையும் திருப்பி நிறுத்தினீர்கள்.

வழியில் கோட்டு வாடகைக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் நன்றி. சேலையை அவிழ்க்க மாட்டேன் என்று அம்மா அடம்பிடித்தார். நீங்கள் சிரித்துக்கொண்டே கொசுவத்தைச் சுருட்டி இடுப்பில் செருகி, அதன்மேலேயே பனிக்கால்சட்டையை மாட்டி, இரண்டு காலுறை போட்டு ரப்பர் பூட்ஸையும் இழுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி நர்ஸுக்குக்கூட அவ்வளவு பொறுமை வராது.

பனி சினிமாவில் வருவதுபோல் வெள்ளைவெளேரென்று இல்லை. ஓரமெல்லாம் வண்டிப்புகை படிந்து கறுத்திருந்தது, சிப்ஸ் பாக்கெட்டும் கிடந்தது. நம்மாட்கள் எங்கே போனாலும் இப்படித்தான். அம்மா கொஞ்சம் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜுல இருக்கறதுதான" என்றார். அப்புறம் கிளம்பலாம் என்றால் எழுந்திருக்கவே இல்லை.

சாலைக்கு இருபுறமும் சுவர்போல நிற்கும் பனியை வெட்டி வழிவிட்ட எல்லைச் சாலைப் பணியாளர்களுக்கும், நாங்கள் வரும்வரை எருமையைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிய பக்கத்து வீட்டு அத்தைக்கும் நன்றி.

ஓட்டுநர் தம்பி, நீங்கள் கேட்ட மஞ்சளைப் பார்சலில் போட்டாயிற்று. அம்மா கட்டாயம் வரச் சொன்னார். சித்திரை வைகாசியில் மட்டும் வேண்டாம், தாங்கமாட்டீர்கள். கார்த்திகையில் வாங்க.