குளத்துக்குள் கருவேலம் வளர்க்கக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

நாங்குநேரிப் பக்கத்து எங்கள் ஊர்க் குளத்துக்குள் மண்மேடு போட்டு நாட்டுக்கருவேலமும், கரையோரம் மருதமும் புங்கையும் நட்டோம். எல்லாம் வேர் பிடித்துத் துளிர் விட்டாச்சு. உதவிய எல்லோருக்கும் ஊர் சார்பில் நன்றி.

எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்துக்குக் கூழைக்கடா (பெலிகன்) வந்து கூடு கட்டுவது நமக்குப் பழகிய காட்சி, ஆனால் உலகக் கணக்கில் அது அச்சுறுத்தலை நெருங்கிய பறவை. அங்கே குளத்து மரங்களோடு வீட்டுப் பக்கத்து வேம்பிலும் புளியிலும்கூட அவை கூடு கட்டுகின்றன, ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ஒரே ஊரை நம்பி எல்லாக் கூடும் இருந்தால், பெருங்காற்றோ மழை பொய்த்த வருஷமோ வந்தால் போக்கிடம் இல்லை. பக்கத்துக் குளங்களிலும் மரம் வேண்டும், அதுவும் கருவேலம் மாதிரி மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். சுற்றிலும் தண்ணீர் கிடந்தால் நாயும் பூனையும் குஞ்சுகளிடம் போக முடியாது பாருங்கள்.

முதல் நன்றி, வயலில் உரத்துக்காக ஆட்டை அடைத்துக் கிடை போடும் அண்ணாச்சிமாருக்கு. ஆடு தின்று கழித்த கருவேல விதைதான் நன்றாக முளைக்கும் என்று சொல்லி, கிடையைக் கூட்டி விதையை அள்ளித் தந்தது அவர்கள்தான். அதோடு விடாமல், கன்று தலையெடுக்கும்வரை ஆட்டை மறுகரைக்கே ஓட்டிப்போகிறோம் என்று அவர்களாகவே சொன்னார்கள். ஆட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள் பக்கத்து மேய்ச்சலை விட்டுக்கொடுப்பது சாதாரணம் இல்லை, எனக்கு இதைவிடப் பெரிய உதவி தெரியவில்லை.

வண்டல் அள்ளிப் பை நிரப்பிய அக்காமார், மதினிமார், சனிக்கிழமைதோறும் வந்த பள்ளிப் பிள்ளைகள், வேலிக்காத்தானை (சீமைக்கருவேலத்தை) வெட்டிக் கன்றுக்குக் கன்று முள் அடைத்த இளவட்டங்கள், எல்லோருக்கும் நன்றி. அப்புறம், குளத்தில் தண்ணீர் நிற்பது குறையுமே, பிசான நெல்லுக்கு என்ன செய்வது என்று கூட்டத்தில் எழுந்து கேட்ட கடைமடைக்காரர்களுக்கும். அவர்கள் கேட்டது நியாயம், அதனால்தான் மடைப் பக்கமும், மிகுதித் தண்ணீர் வெளியேறும் மறுகால் பக்கமும் ஒரு கன்றுகூட வைக்கவில்லை.

இனி வேலை சித்திரை, வைகாசியில்தான். குளம் வற்றினால் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொன்ன மேலத்தெரு பெரியப்பாவுக்கு இப்போதே நன்றி. டீசல் செலவில் பங்கெடுக்க நினைக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் பங்குனிக்குள் சொல்லிவிடுங்கள்.