மக்காவும் மக்குவும் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டப் பேச்சில் வரும் ‘மக்கா’ என்ற விளி (அழைப்புச் சொல்) ‘மக்கு’ என்பதன் திரிபு என்று சிலரும், மெக்கா நகரத்தின் பெயரிலிருந்து வந்தது என்று வேறு சிலரும் இணையத்தில் எழுதிவருகிறார்கள். இரண்டுமே காதில் விழும் ஓசையை மட்டும் நம்பிய ஊகம். விடை, அழைப்புச் சொற்களைப் பற்றிப் பேசும் தொல்காப்பிய இயலான விளிமரபிலேயே கிடக்கிறது.

ல், ள் என முடியும் பெயர்களை விளிக்கும்போது கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்து நீளும் என்பது அங்குள்ள விதி. ‘மக்கள்’ என்பது ‘மக்காள்’ ஆகும். பழைய மேடைப் பேச்சாளர்கள் ‘தோழர்காள்’ என்று தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான். பேச்சு வழக்கில் இறுதி ளகரம் நிற்பதில்லை: அவள் ‘அவ’ ஆகிறாள், வாருங்கள் ‘வாங்க’ ஆகிறது. அப்படியே மக்காள் ‘மக்கா’ ஆயிற்று. வேறு மொழியில் போய்த் தேட வேண்டிய தேவையே இல்லை.

‘மக்கள்’ என்பதற்கு மனிதர்கள், பிள்ளைகள் என இரு பொருள். ‘மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்’ என்னும் 65ஆம் குறளில் அது குழந்தைகளைக் குறிக்கும். ‘மக்களே போல்வர் கயவர்’ என்னும் 1071இல் மனிதர்களை. தமிழகத்தின் மற்றப் பகுதிகளில் இரண்டாவது பொருள்தான் இன்று ஓங்கி நிற்கிறது. மலையாளத்திலோ ‘மக்கள்’ என்றால் பிள்ளைகள் மட்டுமே. பொதுமக்களை ‘ஜனங்ஙள்’ என்பார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் பிள்ளைகள் என்ற பொருள் உயிரோடு இருப்பதில் வியப்பில்லை. சொத்துரிமையே மக்கள்வழி (சொந்தப் பிள்ளைகளுக்கு), மருமக்கள்வழி (சகோதரியின் பிள்ளைகளுக்கு) என்று பேசப்பட்ட மண் இது.

அப்படியானால் ஒரே ஆளை ஏன் பன்மையால் கூப்பிட வேண்டும்? ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உண்டு என்று தொல்காப்பியமே ஒப்புக்கொள்கிறது. ‘நீங்கள்’ என்பதில் அந்தப் பன்மை மரியாதைக்கு வந்தது. ‘மக்கா’வில் வாஞ்சைக்கு வந்திருக்கிறது. ஒரு பாட்டி பேத்தியிடம் ‘மக்களே, சாப்பிட்டியா?’ என்று கேட்டால், வெளியூர்க்காரர் இன்னும் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

திரைப்பட வசனத்திலும் விளம்பரத்திலும் பிழைபடுவது பெரும்பாலும் இதன் புழக்கத்தில்தான். ‘மக்கா’ விளிக்க மட்டுமே பயன்படும். வேற்றுமை உருபு ஏற்காது. ‘அந்த மக்கா வந்தான்’, ‘மக்காவுக்குக் கொடு’ என்றெல்லாம் எழுதினால் அது ஊர்ப்பேச்சு ஆகாது. ஆணுக்கு மட்டும் உரியது என்பதும் தவறு. ‘லே’ ஆணுக்கும் ‘ஏட்டி’ பெண்ணுக்கும் உரியவை. ‘மக்கா’ இருபாலுக்கும் பொது. மகளைத் தாய் ‘அழாத மக்கா’ என்று தேற்றுவது அன்றாட வழக்கு. மூத்தவர் இளையவரை அழைக்கலாம், ஒத்த வயதினர் தங்களுக்குள் அழைத்துக்கொள்ளலாம். இளையவர் மூத்தவரிடம் சொன்னால் மட்டும் மரியாதைக் குறைவு. ‘வாலே மக்கா’ என்றால் நெருங்கிய நண்பன். ‘லே’ இல்லாமல் ‘வா மக்கா’ என்றால் குரல் தணிந்து, பெரும்பாலும் பிள்ளையை அழைப்பதாக இருக்கும். சொல்லை இழுத்துச் சொன்னால் கெஞ்சல். ‘மக்கா, பாத்துக்கோ’ என்று வெட்டிச் சொன்னால் அக்கறையும் ஆகலாம், மிரட்டலும் ஆகலாம். முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே தங்கள் நாளிதழில் குமரிப் பேச்சு அச்சாகும்போது ‘மக்கா’வுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியிட்டு ‘நண்பா’ என்று பொருள் தருவதைத் தவிர்க்க வேண்டுகிறேன். அழைப்பவர் தாயாக இருந்தால் அந்தப் பொருள் அபத்தமாகிவிடும். ‘பிள்ளாய்’ என்பது கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் அதை இன்று யாரும் பேசுவதில்லை. விளக்கம் இல்லாமலே விட்டுவிடலாம், சூழலே சொல்லிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தக்கலை.