எண்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்டு கேம் பற்றி யார் பேசினாலும் முதலில் பெட்டியைத் திறந்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. இத்தனை மினியேச்சர் பொம்மை, உலோகக் காசு, பளபளக்கும் கார்டு என்று அடுக்கிக்கொண்டே போய், ஆட்டம் எப்படி என்பதை இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம்.

அழகே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2014இல் வந்த ஸ்ப்ளெண்டர் என்ற போர்டு கேமில் ரத்தினங்களாக வரும் வில்லைகள் போக்கர் சிப் மாதிரி கனமானவை, கையில் எடுத்தாலே விளையாடத் தோன்றும். ஆனால் அவற்றுக்குப் பதில் சட்டைப் பொத்தான்களை வைத்து ஆடினாலும், எதிராளி கண் வைத்திருக்கும் கார்டை முந்திக்கொண்டு எடுத்து வைப்பதா, இன்னும் ஒரு சுற்று பொறுப்பதா என்ற தவிப்பு துளியும் குறையாது. ஆட்டம் அந்தத் தவிப்பில் இருக்கிறது.

சரி, அப்படியானால் காய்களை எப்படிச் செய்தாலும் ஒன்றுதானா? இல்லவே இல்லை. கட்டம் போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் கோ ஆட்டத்தில் வெள்ளைக் கல் கண்ணுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்பதால், நல்ல செட்டுகளில் கறுப்புக் கல்லைச் சுமார் 0.3 மில்லிமீட்டர் கூடுதலாகச் செய்கிறார்கள். பலகையும் சரியான சதுரம் கிடையாது, உட்கார்ந்து சாய்வாகப் பார்ப்பவருக்குச் சதுரமாகத் தெரிய வேண்டும் என்று நீளவாக்கில் சற்றுக் கூட்டியிருப்பார்கள். செஸ்ஸிலும் 1849இல் ஸ்டாண்டன் வடிவக் காய்கள் விற்பனைக்கு வரும்வரை செட்டுக்குச் செட் காய்கள் வேறு வேறு மாதிரி. பழகாத செட்டில் எது ராணி, எது பிஷப் என்றே குழம்பும், அலங்காரம் கூடிப்போன சிலவற்றில் கை பட்டாலே காய் சாயும். ஸ்டாண்டன் காய்க்கு அடிப்பாகம் அகலம், தலையைப் பார்த்தவுடன் இன்ன காய் என்று தெரிந்துவிடும். நுணுக்கமான செதுக்கு வேலை அதில் குதிரைக்கு மட்டும்தான். இன்றும் போட்டிகளில் அந்த வடிவம்தான்.

இப்படி யோசித்துச் செய்த காய்க்கு எவ்வளவு செலவழித்தாலும் தகும். நான் குறை சொல்வது, ஒரே சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் கூட்டமாக வந்து இறங்கும் வீரர்களை, எது யாருடையது என்று எழுந்து குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறதே, அதை. கார்டு முழுக்க இருட்டுக் காடு வரைந்து, அதன் மேல் மெல்லிய எழுத்தில் அடர்சிவப்பு எண் போட்டிருப்பார்கள். மேசையின் மறுபக்கம் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "அதில் என்ன போட்டிருக்கு?" என்று கேட்க வேண்டியதுதான். அப்புறம் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கும் நேரம் வேறு.

ஓவியமும் தெளிவும் சேர்ந்தே வரலாம். 2019இல் வந்த விங்ஸ்பான் என்ற ஆட்டத்தில் 170 பறவைக் கார்டுகள், ஒவ்வொன்றிலும் பிரமாதமான ஓவியம். ஆனால் பறவைக்குப் பின்னால் வெற்றிடம்தான், உணவு, கூடு, முட்டை விவரங்களும் எல்லாக் கார்டிலும் அதே இடத்தில் இருக்கும், கண் தேடி அலையாது. டிக்கெட் டு ரைட் ஆட்டத்தின் ரயில் கார்டுகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் குறி உண்டு. சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவரும் யாரையும் கேட்காமல் ஆடலாம். அதற்குக் கூடுதலாக ஒரு காய்கூடத் தேவைப்படவில்லை.

உலோகக் காசு சேர்ப்பதற்கு முன் பதிப்பாளர்கள் இதைச் செய்யட்டும். விமர்சனம் எழுதுகிறவர்களும் எண் தெளிவாகத் தெரிகிறதா, அடுக்கி வைக்க எவ்வளவு நேரமாகிறது என்பதை முதல் பத்தியிலேயே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்