மிடில்செக்ஸ் போனது 1974 இல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கட்டுரையில், இலண்டனை ஒட்டியிருந்த மிடில்செக்ஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 1974 இல் ஒழிக்கப்பட்டது என்று வந்திருந்தது. 1974 இல் கலைத்து மாற்றப்பட்டவை இலண்டனுக்கு வெளியே இருந்த கவுண்டிகள். மிடில்செக்ஸ் கவுண்டி சபை 1965 ஏப்ரல் 1 ஆம் திகதியே போய்விட்டது. இருபத்தாறு வருடம் கடிதம் பிரித்துப் பழகிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

முதல் வெட்டு விழுந்தது 1889 இல். இலண்டன் கவுண்டி சபையை உருவாக்கியபோது ஹக்னி, இஸ்லிங்டன், கென்சிங்டன் எல்லாவற்றையும் மிடில்செக்ஸிலிருந்து பிரித்துக் கொடுத்தார்கள். மிச்சத்தை ஆள வந்த மிடில்செக்ஸ் சபையின் கந்தோரோ வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது அதன் எல்லைக்கு வெளியே! 1913 இல் அங்கே எழுப்பிய கட்டடத்தில்தான் 2009 முதல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது.

இரண்டாவது வெட்டுக்குச் சட்டம் கொண்டுவந்தது பிரதமர் மக்மிலனின் கன்சர்வேட்டிவ் அரசு, 1963 இல். இலண்டன் சபைக்குப் பதிலாக, புறநகர்களையும் சேர்த்துப் பெரிய இலண்டன் சபை அமைப்பதுதான் திட்டம். இலண்டன் சபை 1934 முதல் லேபர் கட்சியின் கையில் இருந்தது. புறநகர்களையும் சேர்த்துவிட்டால் அந்தப் பிடி தளரும் என்ற கணக்கும் அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 1964 இல் நடந்த முதல் தேர்தலிலேயே பெரிய இலண்டன் சபையை லேபர் பிடித்துக்கொண்டது. மிடில்செக்ஸ் ஊர்களில் ஸ்டெயின்ஸ், சன்பரி இரண்டும் பக்கத்துக் கவுண்டியான சரேக்குப் போயின. பொட்டர்ஸ் பார் ஹார்ட்பட்ஷையருக்குப் போனது. மற்றவை இலண்டன் பரோக்கள், அதாவது நகரின் உள்ளூராட்சிப் பிரிவுகள், ஆயின. வெம்பிளியையும் வில்ஸ்டனையும் சேர்த்து பிரென்ட் ஆக்கினார்கள். எங்கள் ஹரோ மட்டும் பழைய எல்லையோடு அப்படியே தப்பியது.

அந்தப் பெரிய சபையும் நிலைக்கவில்லை. நான் 1984 இல் வந்தபோது, பாராளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் அந்தச் சபையின் தலைமையகமான கவுண்டி ஹோல் கூரையில் வேலையில்லாதோர் தொகையைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். 1986 இல் தட்சர் அரசு சபையையே மூடிவிட்டது. மேயரும் புதுச் சபையும் வந்தது 2000 இல்.

இவ்வளவுக்கும் தபால் பகுதி அசையவில்லை. முகவரிகளை மாற்றச் செலவு கூட என்று 1965 க்குப் பிறகும் மிடில்செக்ஸை வைத்துக்கொண்டது. சரேக்குப் போன ஸ்டெயின்ஸுக்கும் கடித உறையில் மிடில்செக்ஸ்தான். அது வீண் சொல்லும் இல்லை. என் மச்சான் ஸ்டெயின்ஸுக்குப் பக்கத்து அஷ்போர்ட்டில் இருந்தபோது, மாமி யாழ்ப்பாணத்திலிருந்து நீல எயார்மெயில் தாளில் 'அஷ்போர்ட், இங்கிலாந்து' என்று மட்டும் எழுதிப் போட்டுவிட்டார். தபால் குறியீடும் இல்லை. கடிதம் முதலில் கென்டில் இருக்கும் அஷ்போர்ட்டுக்குப் போய்விட்டது. யாரோ ஒருவர் ஓரத்தில் பேனையால் 'ட்ரை மிடில்செக்ஸ்' (மிடில்செக்ஸில் பாருங்கள்) என்று கிறுக்கி அனுப்ப, ஒன்பது நாள் பிந்தி வந்து சேர்ந்தது. மச்சான் அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறார்.

கவுண்டிப் பெயர் முகவரிக்குத் தேவையில்லை என்று தபால் பகுதி சொன்னது 1996 இல்தான். கிரிக்கெட் கழகம் மட்டும், 1864 இல் வைத்த பெயரையும் மூன்று வாள் சின்னத்தையும் விடவில்லை.

திருத்தம் போடுவதானால் ஆண்டை மட்டும் 1965 என்று திருத்துங்கள். உங்கள் மரண அறிவித்தல்களில் 'ஹரோ, மிடில்செக்ஸ்' என்று வருவதில் தயவுசெய்து கை வைக்க வேண்டாம். அந்த முகவரியில்தான் அவர்களுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
ஹரோ