அண்ணாச்சிக்கு, 18-ம் தேதிக்கு முன்னால்

அன்புள்ள அண்ணாச்சி,

வ.உ.சி. நினைவு நாளான நவம்பர் 18 அன்று பாளையங்கோட்டையில் எந்தப் படம் போடுவது என்று முடிவாகிவிட்டது. 'கப்பலோட்டிய தமிழன்'. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' இல்லை. பெயரை எழுதிக் கொடுத்தது நான்தான். வேறு யாரும் வந்து உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். பொதுவில் எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் எழுதியதும் பொதுவில்தான்.

பேச்சு எதனால் நின்றது என்பது நம் இருவருக்கும் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. மதினியும் இதைப் படிப்பார்கள். ஆகவே நான் எழுதிய ஒரே ஒரு வரியை மட்டும் இங்கே எடுக்கிறேன். 'ஓடாத படத்துக்குக் கொடுத்த ஆறுதல் பதக்கம்' என்று எழுதியிருந்தேன். அது தப்பு, அண்ணாச்சி.

1961-ம் வருஷப் படங்களுக்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான வெள்ளிப் பதக்கம் 'கப்பலோட்டிய தமிழ'னுக்கு. இரண்டாம் இடத்துக்கான நற்சான்றிதழ் 'பாசமல'ருக்கு. மே 27-ல் வந்த 'பாசமலர்' தமிழ்நாட்டையே அழவைத்து ஓடிய படம். இரண்டிலும் சிவாஜிதான். ஆறுதல் சொல்வதுதான் நோக்கம் என்றால் இரண்டாம் இடத்தைக் கொடுத்து முடித்திருக்கலாம். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய படத்தைக் கீழே இறக்கிவிட்டு, வசூலில் விழுந்த படத்தை மேலே வைத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டுத் தீர்மானித்தவர்கள்தான் அப்படிச் செய்ய முடியும். இதைத் தேடிப் பார்க்காமல் எழுதினேன். ஐந்து நிமிஷ வேலை அது.

நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் முழுக்கச் சரியில்லை. பதக்கம் வாங்கிய பிறகும் ஜனங்கள் கைவிட்டார்கள் என்பீர்கள். படம் வெளியானது 1961 நவம்பர் 7. அந்த வருஷ விருதென்றால் மறு வருஷம்தான் முடிவு தெரியும். அப்போதெல்லாம் வட்டாரக் குழு முதலில் பார்த்து, தேறியதை மத்தியக் குழுவுக்கு அனுப்பும். அதற்குள் படம் பெரிய ஊர்த் தியேட்டர்களைவிட்டு இறங்கியிருக்கும். இறங்கிய படத்தைப் பதக்கத்துக்காக எந்த முதலாளி திரும்ப ஏற்றுவார்? இன்றைக்கும் இதே கதைதான். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ல் வந்தது. சிறந்த தமிழ்ப் படம், பின்னணி இசை, ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்பு என்று நான்கு தேசிய விருதுகளை 2024 ஆகஸ்ட் 16-ல் அறிவித்தார்கள். அந்த நான்கால் தியேட்டரில் ஒரு டிக்கெட்டும் கூடியிருக்காது. ஜனங்கள் மேல் பழிபோட இதில் ஒன்றுமில்லை.

கெய்ரோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1960 ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் சிவாஜி, சிறந்த இசை ஜி.ராமநாதன். கட்டபொம்மன் 1959 மே மாதமே வந்து ஓடி ஜெயித்த படம். ஜெய்ப்பூரில் எடுத்த சண்டைக் காட்சி, கேவாகலர் ஃபிலிமில் எடுத்து டெக்னிகலர் முறையில் பிரிண்ட் போட்ட வண்ணம், பள்ளிக்கூட மேடை தவறாமல் நம்மூர்ப் பிள்ளைகள் ஒப்பித்த வசனம், எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே தூக்கிவிட்டிருந்தன. கெய்ரோ வந்து அதற்கு மகுடம் வைத்தது. படத்தை ஓட்டியது கெய்ரோ இல்லை. இரண்டு படத்துக்கும் இயக்குநர் அதே பந்துலு, இசை அதே ராமநாதன், நடிகர் அதே சிவாஜி. பின்னே ஏன் ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது?

இதற்கு நீங்கள் ஒருதடவைகூட நேராகப் பதில் சொன்னதில்லை. 'உனக்கு அது புரியாதுடே' என்று முடித்துவிடுவீர்கள். அந்த ஒரு சொல் என்னை எவ்வளவு சுட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. புரியவைக்க முயற்சி செய்தால்தானே புரியும்?

எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். 1961 நவம்பர் 7 தீபாவளி. விடியற்காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி கட்டி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்களுக்கு முன்னால், மாடு சுற்ற வேண்டிய செக்கை வ.உ.சி. சிறையில் சுற்றி இழுக்கிற காட்சியை வைத்தார்கள். கட்டபொம்மனுக்கும் கயத்தாறில் தூக்குதான். ஆனால் அவன் நிமிர்ந்து, வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசிவிட்டுப் போகிறான். அழுகிறவனுக்கும் கை தட்ட ஒரு இடம் கிடைக்கிறது. வ.உ.சி. கதையில் அது கிடையாது. 1906-ல் கப்பல் கம்பெனி பதிகிறார், கப்பல் வருகிறது, 1908 மார்ச் 12-ல் கைது, மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிகிறது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் சாகிறார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. 1912 கடைசியில் வெளியே வரும்போது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. அதற்குப் பிறகு 24 வருஷம் கடனும் கஷ்டமுமாக உயிரோடு இருந்தார். தோற்றுப்போன பின்னும் வாழ்ந்தவரைப் பற்றிய படத்தைப் பண்டிகைக்கு விட்டது கணக்குப் பிழை. படத்தின் பிழை இல்லை.

டூரிங் டாக்கீஸுக்குப் போனபோது இன்னொன்றும் சேர்ந்தது. 35 மில்லிமீட்டர் படம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடிச் சுருள் 22 நிமிஷம். இரண்டு மெஷின் இருந்தால் ஒன்று முடியுமுன் மற்றது தொடங்கிவிடும். ஒற்றை மெஷின் கொட்டகையில் சுருளுக்குச் சுருள் விளக்கைப் போட்டாக வேண்டும், முறுக்கு விற்கிறவன் உள்ளே வருவான். சண்டைப் படம் அதைத் தாங்கும். மெதுவாக இறங்கி அடங்குகிற பின்பாதி தாங்காது. விருதுக் குழு ஒரே மூச்சில் பார்த்த படத்தை நம் ஜனங்கள் துண்டுதுண்டாகப் பார்த்தார்கள். ஒரே படத்துக்கு இரண்டு தீர்ப்பு வந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தச் செக்குக் காட்சி.

போன தடவை இந்தப் படத்தைப் போட்டபோது, அதில் நீங்கள் எழுந்து நின்றீர்கள். முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, நீங்களே நுகத்தடியில் நிற்கிற மாதிரி. காட்சி முடிகிறவரை அப்படியே நின்றீர்கள். பின்னால் மறைக்கிறது என்று சத்தம் வந்தது. நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பிப் பார்க்காமலே மெள்ளச் சொன்னீர்கள்: 'முதல் சுத்துல ஒண்ணும் தெரியாதுடே. எள்ளு பொலபொலன்னு இருக்கும், உலக்கை ஓடிரும். எண்ணெ இறங்கி பிண்ணாக்கு இறுகுது பாரு, அப்பத்தான் தோளு போவும்.' நான் மறுபடியும் இழுத்தேன். உட்கார்ந்துவிட்டீர்கள்.

அன்றைக்கு அதைக் கேட்டும் கேட்காதவன்தான் நான். ஒரு செக்கை நேரில் பார்த்த பிறகுதான் விளங்கியது. இரண்டரைக் கிலோ எள்ளுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய். தடியின் மேல் வைக்கிற பாரம் உலக்கையை உரலின் பக்கத்தோடு அழுத்துகிறது. கருப்பட்டி போட்ட பிறகு மாவு திரண்டு எண்ணெயைக் கக்கும், பிண்ணாக்கு பாறை மாதிரி பிடிக்கும். மாடே அங்கேதான் திணறி நிற்கும், சாட்டை எடுப்பதும் அங்கேதான். கோவைச் சிறையில் அந்த இடத்தில் ஒரு வக்கீலின் தோள் இருந்தது. படத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களும் நானும் எழுதிய எதிலும் இது இல்லை. நீங்கள் நின்றுகொண்டு சொன்னதில் இருந்தது.

சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பின்னால் இருந்தவர்களும் காசு கொடுத்து வந்தவர்கள், அதையும் நினைக்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வாரம் அதை எழுதியிருக்கக் கூடாது. பெயர் போடவில்லை என்றாலும் ஊரில் எல்லோருக்கும் அது யார் என்று தெரிந்தது. அதேபோல், அதன்பின் கடைவாசலில் வைத்து நீங்கள் என்னைச் சொன்னதும் கூடாதுதான். அது எந்தச் சொல் என்று எழுத மாட்டேன். சாதியைத் தொட்டு யாராவது இதற்குள் புகுந்து பேசினால் அதற்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. நாம் அந்தக் கணக்கில் என்றைக்கும் பழகியதில்லை.

வ.உ.சி.யின் மகன் படத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவையே உயிரோடு பார்த்தேன் என்று சொன்னாராம். அதைத்தான் தனக்குக் கிடைத்த பெரிய விருதாக சிவாஜி நினைத்தார். இதை எனக்கு முதலில் சொன்னது நீங்கள்.

18-ம் தேதி மாலை 6 மணிக்குத் தொடங்குகிறோம். போன தடவை கெட்டுப்போனதெல்லாம் சரிசெய்திருக்கிறது. அன்றைக்கு அகலத் திரையை நிரப்ப வேண்டுமென்று படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டார்கள். சிவாஜி முகம் பூசணிக்காய் மாதிரி தெரிந்து நீங்கள் கோபப்பட்டீர்கள். இந்தத் தடவை அந்தக் காலத்துச் சதுர அளவிலேயே, இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுப் போடுகிறோம். ஒலி ஒற்றைத் தடம்தான். அதனால் நாலு பக்கமும் வைக்காமல் திரைக்குக் கீழே நடுவில் ஒரே ஒரு பெட்டி, கீழ்ச்சுருதியைக் குறைத்து. அப்போதுதான் பாரதி பாட்டுகளில் சொல் தெளிவாகக் கேட்கும். பின்பாதி தொடங்கினால் முடிகிறவரை விளக்குப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் நாற்காலியைக் கடைசி வரிசையில் சுவரோரமாகப் போட்டிருக்கிறேன். பின்னால் யாரும் கிடையாது.

உங்கள் தம்பி